வானத்துக்குப் போன பிள்ளைகள்: போர்ப் பாடல்களில் இளம் விமானிகள்



நம் ஞாயிறு வகுப்பில் வழக்கமாகத் திருக்குறள், தேவாரம், பாரதக் கதை என்று படிப்போம். இந்த மாதம் போர்ப் பாடல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதிலும் குறிப்பாக, விமானத்தில் ஏறிப் போருக்குப் போன இளம் பிள்ளைகளைப் பற்றிய பாடல்கள்.

காரணம் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வகுப்பில் "பெரியவனானதும் என்ன வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டபோது மூன்று பேர் விமானி என்றார்கள். அதில் ஒருவன் ஆகாயப்படை என்றே சொன்னான். நல்ல ஆசைதான். ரந்தாவில் ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் மேலே விமானம் போகும்போது அண்ணாந்து பார்க்காத பிள்ளை உண்டா? அப்போது பின்னால் இருந்து இன்னொருவன் கேட்டான்: "அண்ணே, போர்ப் பாட்டுன்னா எல்லாம் வீரத்தைப் பத்தித்தானே இருக்கும்? பயத்தைப் பத்தி யாராவது பாடியிருக்காங்களா?"

இந்தப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில்.

நம் மாநிலத்துக் காட்டில் விழுந்த விமானம்

இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ போவதற்கு முன்னால் நம் நெகிரி செம்பிலானிலிருந்தே தொடங்குவோம். 1945 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. தோட்டங்களில் பெரியவர்கள் "ஜப்பான்காரன் காலம் முடிஞ்சது" என்று மூச்சுவிட்ட நேரம் அது. ஆனால் காட்டுக்குள் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு உணவும் மருந்தும் இன்னும் தேவைப்பட்டன. அவற்றை வானிலிருந்து போட பிரிட்டிஷ் ஆகாயப்படையின் லிபரேட்டர் விமானங்கள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்தன.

ஆகஸ்ட் 23ஆம் தேதி அப்படி வந்த ஒரு லிபரேட்டர் நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் மோதி விழுந்தது. உள்ளே எட்டுப் பேர். எட்டுப் பேரும் இறந்தார்கள். போர் முடிந்ததாக அறிவித்து எட்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் எலும்புகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காட்டிலேயே கிடந்தன. 2012 அக்டோபரில்தான் கோலாலம்பூரில் முறைப்படி நல்லடக்கம் நடந்தது. அவர்களைப் பெற்றவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க முடியாது.

இந்த ஒரு நிகழ்ச்சியை மனதில் வைத்துக்கொண்டு பாடல்களுக்குள் போனால், எது உண்மையான போர்ப் பாட்டு, எது வெறும் கொட்டு முழக்கம் என்று தானாகவே தெரிந்துவிடும். அதற்கு உதவியாக நான்கு கேள்விகள் தருகிறேன். எந்தப் போர்ப் பாடலைப் படித்தாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: போனவனுக்கு என்ன வயது?
இரண்டு: அவனைக் கொன்றது எது?
மூன்று: யாருக்காகப் போனான்?
நான்கு: வீட்டில் யார் காத்திருந்தார்கள்?

முதல் கேள்வி: என்ன வயது?

புறநானூற்றில் 77ஆம் பாடல். இடைக்குன்றூர் கிழார் பாடியது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் போர்க்களத்தில் நிற்கிறான். புலவர் அவனுடைய வாளையும் தேரையும் மட்டும் பார்க்கவில்லை. காலில் இருந்த சலங்கையை இப்போதுதான் கழற்றியிருக்கிறான் என்கிறார். கழுத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டும் ஐம்படைத் தாலி இன்னும் கிடக்கிறது. பால் குடிப்பதை விட்டு இன்றைக்குத்தான் சோறு சாப்பிட்டிருக்கிறான். அப்படிப்பட்ட பையன் தேரில் நிற்கிறான்!

புகழ்ச்சிப் பாட்டுதான், மறுக்கவில்லை. கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனாலும் புலவரின் கண் எங்கே போயிருக்கிறது பாருங்கள். கழற்றாத அந்தத் தாலியில்! அது யார் கட்டியது? அம்மா கட்டியது. காப்பாக இருக்கட்டும் என்று கட்டியது. ஒரே ஒரு பொருளைக் காட்டி, ஆபத்து எவ்வளவு பெரிது, ஆள் எவ்வளவு சிறிது என்று சொல்லிவிட்டார்.

மகாபாரதத்தில் அபிமன்யு. வயது பதினாறு என்பார்கள். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பெரியவர்களுக்கும் அது தெரியும். "நீ உடைச்சுக்கிட்டு போ, நாங்க பின்னாலேயே வர்றோம்" என்றுதான் அனுப்புகிறார்கள். ஜயத்ரதன் வாசலை அடைத்துவிட்டான், பின்னால் யாரும் வர முடியவில்லை. தெருக்கூத்தில் இந்தக் கட்டம் வரும்போது கூட்டம் அழுமே, ஏன்? வீரத்துக்காக மட்டும் இல்லை. பாதி சொல்லிக் கொடுத்துவிட்டு முழு ஆபத்துக்குள் ஒரு பையனை அனுப்பினார்களே, அதற்காக.

இப்போது விமானிகளுக்கு வருவோம். முதல் உலகப் போரில் கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் என்ற வங்காளிப் பையன் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தான். 1918 ஜூலை மாதத்தில் இரண்டே வாரத்தில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அதே ஜூலை 22ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் வானில் அவன் விமானம் தீப்பிடித்து விழுந்தது. வயது 19.

இரண்டாம் உலகப் போரில் ஜான் மகீ என்ற அமெரிக்கப் பையன் கனடா ஆகாயப்படையில் சேர்ந்து இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டினான். 1941இல் பதினான்கு வரிக் கவிதை ஒன்று எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினான். 'ஹை ஃபிளைட்' என்று பெயர். இன்றைக்கும் உலகத்து விமானிகள் மனப்பாடமாகச் சொல்கிற கவிதை. அதில் போர் என்ற பேச்சே கிடையாது. மேகத்துக்கு மேலே போன ஆனந்தம் மட்டும்தான். எழுதிய சில மாதத்தில், 1941 டிசம்பர் 11ஆம் தேதி, இன்னொரு விமானத்தோடு மோதி இறந்தான். அவனுக்கும் வயது 19.

அந்தக் கவிதையைத் தனியாகப் படித்தால் ஆனந்தம். எழுதியவனின் வயதையும் இறந்த தேதியையும் சேர்த்துப் படித்தால் தொண்டை அடைக்கும். அதனால்தான் முதல் கேள்வி வயது.

இரண்டாம் கேள்வி: கொன்றது எது?

சினிமாவில் பார்த்தால் விமானி என்றால் எதிரியோடு நேருக்கு நேர் சண்டை போட்டுத்தான் சாவான். உண்மை அப்படி இல்லை. மகீயைக் கொன்றது எதிரி இல்லை. தன் பக்கத்துப் பயிற்சி விமானம் ஒன்று. நம் காட்டில் விழுந்த எட்டுப் பேரும் உணவு மூட்டை போட வந்தவர்கள்.

கணக்கைப் பாருங்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இரண்டாம் போரில் பறந்தவர்கள் ஏறக்குறைய 125,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். இரண்டு பேர் போனால் ஒருவர் திரும்பவில்லை என்பதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. இறந்தவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள், எதிரியின் முகத்தையே பார்க்காதவர்கள். ஒரு சுற்று முடிக்க முப்பது முறை போய்வர வேண்டும். ஒவ்வொரு இரவும் பனி, இருட்டு, தேடு விளக்கு, கீழிருந்து வரும் குண்டு, இயந்திரக் கோளாறு, எண்ணெய் தீர்ந்துபோகும் பயம். முதல் போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டே கொடுக்கவில்லை. விமானம் தீப்பிடித்தால் எரிவதா குதிப்பதா என்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருந்தது.

நம் பழைய இலக்கியத்தில் விமானம் ஏது என்று கேட்கலாம். ஆனால் பறப்பதன் ஆபத்தைப் புரிந்துகொண்ட கவிகள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். இரண்டு இடம் காட்டுகிறேன்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறது. மந்திரி கட்டியங்காரன் துரோகம் செய்கிறான் என்று தெரிந்த சச்சந்தன், கர்ப்பிணியான ராணி விசயையை மயில் உருவத்தில் செய்த பறக்கும் பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அவள் அதை இயக்க முன்பே பழகியிருக்கிறாள். கதையில் பொறிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வானத்தில் போகும்போது, அரசன் இறந்தான் என்று கட்டியங்காரனின் வெற்றி முரசு சொல்கிறது. கேட்டவள் மயங்கிப் போகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். பாருங்கள், பொறி சரியாக இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. உடைந்தது உள்ளே இருந்த மனுஷியின் மனம். இன்றைக்கு விமானிகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் சொல்வதும் இதுதான்: இயந்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஓட்டுகிறவனையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று இராமாயணத்தில், சம்பாதி சொல்லும் கதை. சம்பாதியும் ஜடாயுவும் அண்ணன் தம்பி. இளம் வயதில் போட்டி போட்டுக்கொண்டு சூரியனை நோக்கிப் பறக்கிறார்கள். வெயில் தாங்காமல் தம்பி தவிக்கிறான். அண்ணன் தன் சிறகை விரித்துத் தம்பிக்கு மேலே குடையாகப் பிடிக்கிறான். தம்பி பிழைத்தான், அண்ணன் சிறகு கருகிக் கீழே விழுந்தான். பிறகு பறக்கவே முடியவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலாயாவில் நடந்த ஒன்று ஞாபகம் வரும். 1941 டிசம்பர் 9. பட்டர்வொர்த் விமானத் தளம். ஜப்பான் படை இறங்கிய சிங்கோராவைத் தாக்கப் பிளென்ஹைம் விமானங்கள் கிளம்ப வேண்டும். ஸ்கார்ஃப் என்ற அதிகாரியின் விமானம் மட்டும் மேலே ஏறியது. அதற்குள் ஜப்பான் விமானங்கள் வந்து கீழே நின்றவற்றை அடித்துவிட்டன. அவர் திரும்பியிருக்கலாம். தனியாகவே போனார். வழியில் படுகாயம். அந்த நிலையிலும் விமானத்தை அலோர் ஸ்டார் வரை கொண்டுவந்து இறக்கினார். கூட வந்த இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் அங்கிருந்த ஆஸ்பத்திரியில் இறந்தார். அவருடைய மனைவி அதே ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். ஸ்கார்ஃபின் கல்லறை தைப்பிங் போர் மயானத்தில் இருக்கிறது. வயது 28.

கூட வந்தவர்களுக்காகச் சிறகை விரித்தவர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் கேள்வி: யாருக்காக?

இது கஷ்டமான கேள்வி. முதல் உலகப் போரில் அயர்லாந்துக்காரர் ராபர்ட் கிரிகரி பிரிட்டிஷ் படையில் விமானியாக இருந்து 1918 ஜனவரியில் இத்தாலியில் இறந்தார். அவருடைய குடும்ப நண்பரான கவிஞர் யேட்ஸ் அவரே பேசுவதுபோல ஒரு கவிதை எழுதினார். அந்த விமானி சொல்வது என்ன தெரியுமா? எதிரியை எனக்கு வெறுப்பில்லை. யாருக்காகச் சண்டை போடுகிறேனோ அவர்கள்மேல் அன்பும் இல்லை. போர் எப்படி முடிந்தாலும் என் ஊர் ஏழைகளுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சட்டமோ கடமையோ தலைவர்களின் பேச்சோ என்னை இங்கே அனுப்பவில்லை. பறப்பதில் உள்ள ஒரு தனி ஆனந்தம்தான் இழுத்து வந்தது.

இதை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். அயர்லாந்தும் அப்போது பிரிட்டனின் கீழே, இந்தியாவும் பிரிட்டனின் கீழே. இந்திரலால் ராய் விழுந்தது எந்தக் கொடிக்காக? அவன் ஊரை ஆண்டவர்களின் கொடிக்காக. மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பால் மரம் சீவிக்கொண்டிருந்ததும் அதே கொடியின் கீழேதான்.

மறுபக்கமும் உண்டு. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943இல் தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அது நம் வீடுகளில் பலரும் கேட்ட கதை. நாற்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களை அவர் ராணுவப் பயிற்சிக்கும் விமானப் பயிற்சிக்கும் ஜப்பானுக்கு அனுப்பினார் என்பது அவ்வளவாகத் தெரியாத கதை. டோக்கியோ கேடட்டுகள் என்று அவர்களைச் சொல்வார்கள். அதில் ஒருவர், பர்மாவிலிருந்து போன ரமேஷ் பெனகல். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் விமானப்படையில் சேர்ந்து ஏர் கமடோர் ஆனார், 1971 போரில் மகாவீர சக்கர விருது பெற்றார். நேதாஜியே 1945 ஆகஸ்ட் 18ஆம் தேதி தைவானில் விமான விபத்தில் இறந்ததாக வரலாறு சொல்கிறது. அதை ஏற்காதவர்களும் நம்மிடையே உண்டு.

ஒரே போர், ஒரே வானம். ஒரு பக்கம் பிரிட்டனுக்காகப் பறந்த இந்தியப் பிள்ளைகள், இன்னொரு பக்கம் பிரிட்டனை எதிர்த்துப் பறக்கப் பழகிய இந்தியப் பிள்ளைகள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பாடத்தின் வேலை இல்லை. ஆனால் "யாருக்காக?" என்று கேட்காமல் கை தட்ட வைக்கிற பாட்டு நல்ல பாட்டு இல்லை. யேட்ஸின் கவிதை நூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறதென்றால், அது அந்தக் கேள்வியை மறைக்கவில்லை என்பதால்தான்.

நான்காம் கேள்வி: வீட்டில் யார்?

இங்கே நம் புறநானூறு உலகத்துக்கே முன்னால் நிற்கிறது என்பேன். 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். முந்தாநாள் பிறந்த வீட்டில் ஒரு சாவு. நேற்று கணவன் சாவு. இன்றைக்கு மறுபடியும் போர்ப்பறை கேட்கிறது. அவளுக்கு இருப்பது ஒரே மகன். அவனைக் கூப்பிட்டு, வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, பறந்துகிடந்த குடுமியில் எண்ணெய் தடவிச் சீவிவிட்டு, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள்.

இதை மறக்குடி மகளிரின் வீரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் அந்த எண்ணெயைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் அனுப்பும்போது நம் அம்மாமார் செய்வது அதேதானே? புலவரும் ஒரு பெண்தான். 'இவள் மனம் எவ்வளவு கடுமையானது' என்ற வியப்போடுதான் பாட்டைத் தொடங்குகிறார். அந்த வியப்பில் பாராட்டும் இருக்கிறது, பதைப்பும் இருக்கிறது.

அடுத்து 86ஆம் பாடல், காவற்பெண்டு பாடியது. "உன் மகன் எங்கே?" என்று யாரோ கேட்கிறார்கள். தாய் சொல்கிறாள்: எங்கே இருக்கிறானோ தெரியாது. புலி தங்கிவிட்டுப் போன கற்குகை மாதிரி, அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது. அவன் போர்க்களத்தில் தென்படுவான்.

இதையும் அமெரிக்கக் கவிஞர் ராண்டல் ஜாரெல் 1945இல் வெளியிட்ட ஐந்தே வரிக் கவிதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாரெல் விமானப்படையில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பெரிய குண்டுவீச்சு விமானங்களின் வயிற்றுக்குக் கீழே கண்ணாடிக் கோளம் ஒன்று தொங்கும். உள்ளே துப்பாக்கியோடு ஒரு சின்ன உருவமுள்ள பையன் உடம்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அங்கே இறந்த ஒருவன் பேசுவதாகக் கவிதை. அம்மாவின் உறக்கத்திலிருந்து நேராக அரசாங்கத்தின் வயிற்றுக்குள் விழுந்தேன் என்கிறான். கடைசியில், அவன் செத்தபின் கோளத்தைத் தண்ணீர்க் குழாயால் கழுவிவிட்டார்கள் என்று முடிகிறது.

இரண்டு கவிதைக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு. இரண்டிலும் வயிறுதான் மையம். காவற்பெண்டின் பாட்டில் வயிறு குகை. புலி சுதந்திரமாக வெளியே போயிருக்கிறது, அதற்குப் பெயர் இருக்கிறது, பெருமை இருக்கிறது. ஜாரெலின் பாட்டில் பையன் கடைசி வரை வயிற்றுக்குள்ளேயே இருக்கிறான். பிறக்கவே இல்லை என்பதுபோல. பெயரும் கிடையாது. போர் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போனதும் என்ன மாறியது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

உடல் கிடைக்காத சாவு

புறநானூறு 255இல் வன்பரணர் பாடிய ஒரு பெண், களத்தில் கிடக்கும் கணவனின் பக்கத்தில் இருக்கிறாள். வாய்விட்டு அழுதால் புலி வந்துவிடுமோ என்று பயம். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அவன் அகன்ற மார்பைத் தூக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வா, மலை நிழலுக்குப் போய்விடலாம் என்கிறாள். இறந்தவனிடம் சொல்கிறாள்.

அவளுக்காவது தொட ஓர் உடல் இருந்தது. விமானிகளின் வீட்டில் அதுவும் இல்லை. 'காணவில்லை' என்று ஒரு தந்தி வரும், அவ்வளவுதான். கடலில் விழுந்தானா, எரிந்தானா, காட்டில் உயிரோடு கிடக்கிறானா, எதுவும் தெரியாது. கருமாதி எப்போது செய்வது? விளக்கு எந்தத் தேதியில் ஏற்றுவது? ஜான் பட்னி என்ற ஆங்கிலக் கவிஞர் 1941இல் எழுதிய சின்னக் கவிதை ஒன்று இதற்கு ஒரு வழி சொல்கிறது. இறந்த விமானிக்காக அழுதுகொண்டிருக்காதீர்கள், அவன் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். ஆயிரம் கோஷத்தைவிட அந்த ஒரு புத்திமதி பெரிது.

சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குச் சிலர் போயிருப்பீர்கள். அதன் மேற்கூரை விமான இறக்கை மாதிரி இருக்கும். சுவர்களில் கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அதில் இந்தியப் பெயர்களும் வரிசை வரிசையாக உண்டு. நம் முன்னோர் வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரும் பீடும் எழுதி, மாலை சூட்டினார்களே, அதே வேலையைத்தான் அந்தச் சுவர் செய்கிறது.

புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் வானத்தில் ஓட்டுநர் இல்லாமல் போகும் ஊர்தியைப் பற்றிச் சொல்கிறார். புலவர் பாடும் புகழை உடையவர்கள்தான் அதில் ஏறுவார்களாம். அப்படியானால் பாடப்படாதவர்கள்? இங்கேதான் என் மனது நிற்கிறது.

அதே போர்க்காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களும் இளம் பிள்ளைகள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் கொன்றன. அவர்களில் பெரும்பாலோருக்குச் சுவரும் இல்லை, பெயரும் இல்லை. விமானிக்காவது ஐந்து வரிக் கவிதை கிடைத்தது. நம் லயத்துப் பையனுக்கு, அவன் அம்மா பாடிய ஒப்பாரியைத் தவிர என்ன கிடைத்தது? அந்த ஒப்பாரியையும் யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் அதுவும் போய்விட்டது.

ஆகவே பயத்தைப் பற்றி யாராவது பாடியிருக்கிறார்களா என்று கேட்ட தம்பிக்கு என் பதில்: நல்ல கவிகள் எல்லாரும் பாடியிருக்கிறார்கள். பயம் என்ற சொல்லைச் சொல்லாமல், கழற்றாத தாலியாக, சீவிவிட்ட குடுமியாக, கருகிய சிறகாக, கழுவிவிட்ட கோளமாகப் பாடியிருக்கிறார்கள். அந்த ஆபத்தை அறிந்த பிறகும் ஒருவன் போனான் என்றால்தான் அதற்குப் பெயர் வீரம். தெரியாமல் அனுப்பப்பட்டால் அது வீரம் ஆகாது, அனுப்பியவர்களின் குற்றம்.

ஆகாயப்படைக்குப் போக ஆசைப்படும் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். ஆசையை விடாதே. கணக்கும் அறிவியலும் நன்றாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள். ஆனால் மகீயின் ஆனந்தத்தையும் ஜாரெலின் ஐந்து வரியையும் சேர்த்தே படித்துவிட்டுப் போ. ஒன்றை மட்டும் படித்தவன் பாதி தெரிந்த அபிமன்யு.

வகுப்பில் பேச

1. அபிமன்யுவை அனுப்பிய பெரியவர்கள் செய்தது சரியா? நீங்கள் தருமர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

2. காவற்பெண்டின் தாயும் ஒக்கூர் மாசாத்தியாரின் தாயும் ஒரே மாதிரியா? இருவரில் யார் மனது உங்களுக்கு நன்றாகப் புரிகிறது? ஏன்?

3. யேட்ஸின் விமானி சொல்லும் காரணம் உங்களுக்கு ஒப்புக்கொள்ள முடிகிறதா? பறப்பதில் உள்ள ஆனந்தத்துக்காக மட்டும் ஒருவன் போருக்குப் போகலாமா?

4. நீங்கள் விரும்பிக் கேட்கும் ஒரு சினிமாப் போர்ப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கேள்விகளையும் கேளுங்கள். எத்தனைக்குப் பதில் கிடைக்கிறது?

வீட்டு வேலை

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எழுபது, எண்பது வயதுத் தாத்தா பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். ஜப்பான்காரன் காலத்தில் குடும்பத்திலிருந்து போனவர் யார், என்ன பெயர், எந்தத் தோட்டம், எத்தனை வயது, எங்கே போனார் என்று கேளுங்கள். அவர்கள் பார்த்திருக்காவிட்டாலும் அவர்களுடைய அம்மா அப்பா சொன்னது காதில் இருக்கும். ஏதாவது பாட்டோ ஒப்பாரியோ ஞாபகம் இருந்தால் அவர்கள் சொல்கிறபடியே, திருத்தாமல், நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும் சரி. பெயர் மட்டும்தான் கிடைத்தது என்றாலும் கொண்டுவாருங்கள். மன்றத்துப் பலகையில் அந்தப் பெயர்களை எழுதி, ஒரு விளக்கேற்றிவிட்டு அன்றைய வகுப்பைத் தொடங்குவோம்.